சூடு ஆறாத சக்கரம்

கிழக்கு வெளுக்கும்போதே இருசம்மாளின் கைகள் முழங்கை வரை தண்ணீரில் இருந்தன. ஜெயங்கொண்டம் சாலையோரத் தகரக் கொட்டகையில் அதுதான் நாளின் முதல் வேலை. இரும்புப் பீப்பாயில் நல்ல தண்ணீரை நிரப்பி, படகு எஞ்சினின் அடிப்பகுதியை அதற்குள் இறக்கி ஓடவிட வேண்டும். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஏரி மாதிரி நிற்கும். அதை இறைக்க நடுவில் மிதக்கிற பம்புகளுக்கு ஆளையும் டீசலையும் கொண்டுபோவது இங்கிருக்கும் நான்கு படகுகள். அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு எஞ்சினின் உள்குழாயில் கல்லாகப் படியும். கழுவி ஓடவிட்டு, பக்கத்துத் துளையில் நீர் நூலாகப் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும்.

“புள்ள ஒண்ணுக்குப் போவுதா?” என்று படகுக்குக் கயிறு பிடிக்கும் அங்கமுத்து தினமும் கேட்பான்.

“போவுது. ஒன் மேலதான் போவும், தள்ளி நில்லு” என்பாள் இவள்.

ஐந்து நாளாக அதைக் கேட்க ஆளில்லை. துளையைக் கம்பியால் குத்திவிட்டாள். நீர் வந்தது. யாரிடமும் சொல்லாமல் எஞ்சினை நிறுத்தினாள். அங்கமுத்து திருச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். வலது பாதத்தை எடுப்பதா விடுவதா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். படகு ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் பன்னிரண்டு கிலோமீட்டர் இழுத்துப் போகும். ஓடிய சக்கரத்தின் நடுக்குடம் கொதித்துக் கிடக்கும். அந்தச் சூட்டோடு பள்ளத்தில் இறக்கினால் குடத்துக்குள் இருக்கிற காற்று சுருங்கி, வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கரையில் நிறுத்தி, குடத்தில் உள்ளங்கை பொறுக்கும்வரை காத்திருப்பார்கள். அரை மணி நேரம். டீ குடிப்பார்கள். டிராக்டர் ஓட்டும் வைத்திலிங்கம் தன் சம்பந்தி வீட்டுச் சண்டையை நடித்தே காட்டுவார். அந்த அரை மணியைத்தான் முதலாளி குருமூர்த்தி பிடுங்கினார்.

“ரெண்டு நடை போற எடத்துல மூணு நடை போவணும். சக்கரத்துக்குக் காய்ச்சலுன்னு பக்கத்துல ஒக்காந்து ஒத்தடமா குடுக்கறீங்க?”

அப்படி ஓடிய மூன்றாவது வாரம் இருசம்மாள் குடத்தைத் திறந்தாள். உள்ளே கிரீஸ் மோரில் கரைத்த மாவாக வெளுத்திருந்தது. பேரிங்கில் துரு. கையில் ஏந்திப்போய்க் காட்டினாள்.

“பேரிங்கு மாத்தணுங்க.”

“இந்த மாசம் ஓடட்டும். மேல புதுசா ஒரு கை அப்பி மூடு.”

அப்பி மூடினாள். ஐந்து நாளாக அவளுக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் அதுதான். போன வியாழக்கிழமை பள்ளத்துச் சரிவில் சக்கரம் இறுகிக் கழன்றது. படகோடு டிரெய்லர் சாய்ந்தது. கயிறு பிடித்து நின்றவன் அங்கமுத்து.

பத்து மணிக்கு முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒக்காரு இருசம்மா.”

பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியை அவர் காட்டியதில்லை. அவள் நின்றாள்.

“ஒரு கையெழுத்துதான். வைத்திலிங்கம் வேகமா பின்னால எடுத்தாரு, சக்கரம் கழண்டுச்சு. நீ பாத்தே.”

“அவரு மெதுவாத்தான் எடுத்தாருங்க.”

“அப்ப எதனால கழண்டுச்சு?”

அவள் கிரீஸ் படிந்த விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

“கிரீஸ் வெச்சது யாரு கை?”

“நீங்க சொல்லித்தானங்க…”

“நான் சொன்னேன்னு எங்க எழுதியிருக்கு? போலீஸ் வந்தா வெச்ச கையத்தான் கேப்பான். ஆர்த்தி பெரம்பலூர்லதானே படிக்குது? அம்மா ஸ்டேஷன்ல நின்னா புள்ளைக்கு எப்படி இருக்கும்? மத்தியானத்துக்குள்ள கொண்டா.”

அவர் நீட்டிய தாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ‘வைத்திலிங்கம்’ என்ற பெயரைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. போட்டால் அந்த மனிதர் போவார். போடாவிட்டால் மகள் படிப்பு. பேனாவை எடுத்தாள், வைத்தாள். என்ன செய்வாள், சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் ஒரே இடத்தில் தூக்குகள் திறக்கும், குழம்பு கை மாறும். அன்று வைத்திலிங்கம் டிராக்டருக்குப் பின்னால், எஞ்சின் மெக்கானிக் மணிமாறன் வாசல் பக்கம், இவள் பீப்பாயோரம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாமான் அறையில் கணக்கும் டைப்பும் பார்க்கிற ஜெயசுதா நடுக்கொட்டகையில் வந்து நின்றாள். அவள் டப்பா இன்னும் திறக்கவில்லை.

“மூணு பேப்பரும் நாந்தான் அடிச்சேன்” என்றாள். “அக்காவோடதுல அண்ணன் வேகமா எடுத்தாருன்னு இருக்கு. அண்ணனோடதுல அக்கா கிரீஸே வெக்கலன்னு இருக்கு. மணியோடதுல அங்கமுத்து அண்ணன் குடிச்சிருந்தாருன்னு இருக்கு. கடைசி வரி மூணுலயும் ஒண்ணுதான். நிர்வாகத்துக்குப் பொறுப்பில்ல.”

வைத்திலிங்கம் எழுந்து வந்தார். “நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், இருசு. தெரிஞ்சேதான் போட்டேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். திட்ட வாய் திறந்தாள். தன் இடுப்பிலிருந்த தாள் உறுத்தியது.

“குடம் ஆறட்டுமுன்னு நீங்க அவருகிட்ட சொன்னீங்களா, இல்லையாண்ணே?”

“ரெண்டு தடவ சொன்னேன்.”

“நான் கிரீஸ் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். மணி?”

“மூணு நடை ஓடுனா எதையும் பாக்க நேரமில்லன்னு நானும் சொன்னேங்க்கா.”

“ஆளுக்கு ஆள் தனியாப் போயித்தான் சொல்லியிருக்கோம். ஒருநாளாச்சும் சேந்து போனோமா?”

மணிமாறன் தன் தாளை நான்காக மடித்தான்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். “ரெண்டு மணியாச்சு. டிராக்டர் ஏன் கெளம்பல?”

“எடுக்கலீங்க” என்றார் வைத்திலிங்கம். “நான் போட்ட கையெழுத்து பொய்யிங்க.”

“அப்படியா? அரியலூர் பஸ் ஸ்டாண்டுல டிரைவர் நூறு பேர் நிக்கிறான், தெரியும்ல?”

“கூப்பிடுங்க” என்றாள் இருசம்மாள். “வரவங்ககிட்ட இங்க நடந்தத நாங்களே சொல்றோம்.”

“வெளிக் கேட்ட இழுத்துப் பூட்டிடுவேன்!”

பூட்டினார். நான்கு பேரும் வெளியே, எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கமுத்துவின் மனைவி சிந்தாமணி போனில் அழைத்தாள். டாக்டர் நாளைக் காலையில்தான் சொல்வாராம். அரியலூரில் தொழிலாளர் ஆபீஸ் ஐந்தேமுக்கால் வரை திறந்திருக்கும்; நடந்ததை எழுதி அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. அங்கே இருக்கிறவர் கேட்பாரா, திருப்பி அனுப்புவாரா, ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு வேலை உண்டா என்பதும் தெரியாது.

ஜெயசுதா வெள்ளைத் தாளை மடியில் வைத்தாள். “யாரு என்ன செஞ்சோம், யாரு செய்யச் சொன்னா, ரெண்டையும் எழுதறேன். மொதல்ல யாரோடது?”

“என்னோடது” என்றாள் இருசம்மாள். “கெட்டதுமேல நல்லத அப்பி மூடுனேன்னு எழுது.”

“ஏய், இரு. வண்டிய எறக்குனவன் நான். என்னோடதுதான் மொதல்ல” என்றார் வைத்திலிங்கம்.

“அவசரத்துல சக்கரத்துக்கு அடியில தடுப்புக்கட்ட வெக்காம விட்டவன் நாந்தானங்க” என்று மணிமாறன் குறுக்கே விழுந்தான்.

“இப்படிச் சண்ட போட்டா நாலரை பஸ் போயிடும்” என்றாள் ஜெயசுதா. பிறகு யாரையும் கேட்காமல், தாளின் உச்சியில், ‘மூன்று பொய்க் கடிதங்களையும் டைப் செய்தவள் ஜெயசுதா’ என்று எழுதத் தொடங்கினாள்.