திரைக்குள் தூங்காத மெஷின்

ஞானசுந்தரத்துக்குத் தொழில் தெரியாது. தெரிந்தவர்போலத் தொண்டையைச் செருமத் தெரியும். சேலத்தில் அவருடைய சாப்ட்வேர் கம்பெனி அந்தச் செருமலில்தான் ஓடியது. தொண்ணூற்று நாலில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்று, காப்பிப் பழத்தின் எடையைக் களத்திலேயே பதிய கையடக்க மெஷின்களை வாங்கியது. அதற்குப் புரோகிராம் எழுதியது நான். எஸ்டேட்டுக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நிஜ மெஷின் ஒன்றை வாங்கித் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"எதுக்கும்மா? அதான் சிமுலேட்டர் இருக்குதே."

கம்ப்யூட்டர் திரையில் அந்த மெஷினின் படம் தெரியும். அதன் பொத்தான்களை மவுஸால் அமுக்கலாம். சும்மா விட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்க நிஜ மெஷின் அணைந்துவிடுமாம். இதுவும் அப்படியே அணைந்தது. வந்தவர்களிடம் பீற்றிக்கொள்ளும்போது திரை இருண்டதை அந்த மகானால் பொறுக்க முடியவில்லை.

"அந்தச் சனியனை நிறுத்தித் தொலை."

"வேண்டாம் சார். அணைஞ்சு முழிச்சா பாதியில விட்டது அழியுது. அதைச் சரி பண்ணணும்."

"டயம் வேஸ்ட்" என்று சிமுலேட்டர் அணைவதை அவரே நிறுத்திவிட்டார். அதோடு அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த மெஷினும் அணையாது.

அறுவடையின் முதல் நாள், கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். ராசாத்தி என்ற பறிப்புக்காரியின் மூட்டை முதலில் தராசில் ஏறியது. எஸ்டேட் மேனேஜர் செல்லப்பன் எடையை மெஷினில் தட்டினார். பதியும் பொத்தானை அமுக்குவதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். சேர்வராயன் கோயில் பக்கம் திரும்பி எல்லோரும் கும்பிட்டார்கள். கற்பூரம் அணையும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். அணைந்ததும் மூட்டையைக் கழுவும் தொட்டியில் கொட்டினார்கள். இனி மறுபடி நிறுக்க முடியாது. செல்லப்பன் மெஷினை எடுத்தார். அது எப்போதோ அணைந்திருந்தது. முழித்ததும் முதலிலிருந்து பெயரைக் கேட்டது.

"ஏனுங்க, என்ற மூட்டை எங்கீங்க?" என்று ராசாத்தி பதறினாள்.

"சாமி கும்பிடற நேரத்துல மெஷின் என்னங்க பண்ணும்? கம்ப்யூட்டர்ல சரியா வருது, வந்து பாருங்க" என்று ஞானசுந்தரம் மேனேஜரை, கம்ப்யூட்டர் வைத்திருந்த எஸ்டேட் ஆபீசுக்கு இழுத்துப் போனார்; நானும் கூடவே போனேன். திரையில் அதே எடையைத் தட்டி, கற்பூரம் எரியும் நேரம் காத்திருந்து பதிந்து காட்டினார். வெட்கம் என்பது அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. அப்ப காப்பியும் இதுக்குள்ளயே பறிச்சுக்கலாங்களா?" என்றார் செல்லப்பன்.

ஞானசுந்தரம் என் பக்கம் கையை நீட்டினார். "எழுதுனது இந்தப் பொண்ணுங்க. கத்துக்குட்டி. இன்னியோட நிறுத்திட்டு வேற ஆளப் போடறேன்."

நான் விடவில்லை. "கம்ப்யூட்டர்ல அணையறதை நிறுத்துனது நீங்க சார். வேண்டாம்னு சொன்னது நான்."

செல்லப்பன் என்னைப் பார்த்தார். "உங்களால சரி பண்ண முடியுங்களா, அம்மிணி?"

"மெஷின் கையில இருந்தா முடியும்."

அவர் மெஷினை என்னிடம் நீட்டினார். ஞானசுந்தரம் குறுக்கே பாய்ந்தார். "கொண்டா இங்கே! நீ என் கம்பெனி ஆளு."

"இப்பத்தான சார் நிறுத்திட்டீங்க" என்று சொல்லி, மெஷினை வாங்கிக்கொண்டு களத்துக்கு நடந்தேன்.