வெட்டி எறிந்த இரண்டு நிமிடம்

குரல்களைச் சுத்தம் செய்வது என் தொழில். வானொலிப் பேட்டியோ, பாடப்புத்தக ஒலிப்பதிவோ, எது வந்தாலும் மூச்சு, இருமல், இடைவெளி எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். வீட்டிலும் அதே கதைதான். எதிரில் இருப்பவர் யோசித்து முடிப்பதற்குள் அவர் வாக்கியத்தை நானே முடித்துவிடுவேன். "உங்ககிட்ட பேசறதுக்கு சுவர்கிட்ட பேசலாம். அது குறுக்க பேசாது" என்பாள் மனைவி.

அன்று மதியம் ஸ்டுடியோ தொலைபேசியில் அவள் குரல் பதிவாகியிருந்தது. மூன்று நிமிடம் பத்து விநாடி. வேலை தலைக்கு மேல் கிடந்தது, யார் பொறுமையாகக் கேட்பது? கணினியில் ஏற்றி மூச்சையும் இடைவெளிகளையும் நீக்கினேன். ஒரு நிமிடம் பத்து விநாடியானது. பல்பு வேண்டும், மாடிக் கதவு சாத்த வரவில்லை, முடிந்தால் கொஞ்சம் சீக்கிரம் வாங்க. அவ்வளவுதான். வழக்கம்போல் வெட்டாத மூலப் பதிவை அழித்துவிட்டேன்.

பல்போடு வீட்டுக்குப் போனபோது சமையலறைத் தரையில் உயிரில்லாமல் கிடந்தாள். மாரடைப்பு, காலையிலிருந்தே வலி இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

மகள் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கினாள். போட்டுக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா இவ்ளோ வேகமா பேச மாட்டாங்களேப்பா."

"ஏதோ அவசரத்துல பேசியிருப்பா."

வாய் கூசாமல் சொன்னேன்.

அதன்பிறகு காலைப் பிரார்த்தனையில் கடவுளையும் விட்டுவைக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைத் திருப்பிக் கொடு என்று தினமும் நச்சரித்தேன். ஆறு மாதமாயிற்று. இன்று சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் என் மூச்சு கேட்டது. பிறகு சமையலறையிலிருந்து இன்னொரு மூச்சு. பல்லைக் கடித்து வலியை அடக்குகிற மூச்சு. வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அது நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம்.

தொலைபேசி அடித்தது. மகள்.

"ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்..." என்று நிறுத்தினாள்.

'சரி, வெச்சிடட்டுமா?' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துப் பேசினாள்.

"அன்னைக்கு அம்மா எனக்கும் போன் பண்ணாங்கப்பா. மூணு தடவை. மீட்டிங்ல இருந்தேன், எடுக்கல. இத்தனை நாளா உங்ககிட்ட சொல்ல முடியல. அந்தப் பதிவுல அம்மா நல்லாத்தானே பேசறாங்க? வலி இருக்கிற மாதிரியே இல்லல்ல? தினமும் அதைக் கேட்டுட்டுதான் தூங்கறேன்."

'ஆமாம்மா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் மகள் நிம்மதியாகத் தூங்குவாள். வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.

அவள் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் கடைசியில், "அதுல எதை வெட்டுனீங்க?"