தண்ணீருக்கு இரண்டு எண்கள்

காலை ஒன்பது இருபதுக்குக் கெமிஸ்ட் அன்றைய முதல் சொல்லைப் பேசினார்.

"ஹலோ."

"முப்பத்தஞ்சு டிகிரி. போதுமா சார்?"

"போதும்ணே. குளிர்தண்ணி ஓடுதா?"

"ஓடாம? அது ஓடலேன்னா நான் ஓடியிருப்பேன்."

கெமிஸ்ட் சிரித்தார். அந்த அறையில் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. மூன்று பேருக்கான அறை. மற்ற இருவரையும் தலைமை அலுவலகத்துக்கு மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. அவர்களுடைய நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. வீட்டிலும் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் பேசுவாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

போனில் பேசியவரை ஆலையில் எல்லோரும் வால்வு என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வெளுக்கும் ஆலை அது. பழசாகிப்போன ஹைட்ரஜன் பெராக்சைடு முப்பது பீப்பாய் மிஞ்சியிருந்தது. அப்படியே சாக்கடையில் விட முடியாது. பின்பக்கக் கொட்டகையில் இருக்கும் கலனில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டும். பிரியும்போது சூடு வரும். கலனைச் சுற்றி ஓடும் குளிர்நீர் அதை எடுத்துப் போகும்; சூடு மிஞ்சினால் கலன் வெடிக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடலாம் என்பது கெமிஸ்டின் கணக்கு. திறந்து விடுவது வால்வின் வேலை. இரண்டு நாள் வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். பெராக்சைடு இன்றுதான்.

வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும் என்பது ஆலை வழக்கம். கெமிஸ்ட் உத்தரவுத் தாளில் அரை மணிக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தார். யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணமும் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு மணி அடித்தது.

"நாப்பத்தொண்ணு. கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்காரிகூட என்னை இவ்வளவு விசாரிச்சதில்ல சார்."

"பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே?"

"விட்டுடுச்சு. இப்போ என்னைப் படுத்துறா."

போனை வைத்த பிறகு கெமிஸ்ட் நாற்பத்தொன்று என்று எழுதினார். கணக்குப்படி நாற்பதில் நிற்க வேண்டும். ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட்டார். அடுத்த முறை மகள் எந்த வகுப்பு என்று கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து இருபதுக்கு வால்வு நாற்பத்தொன்பது என்றார். வகுப்பைக் கேட்க மறந்துபோனது.

கெமிஸ்ட் கணக்குத் தாளை எடுத்தார். விளைபொருள்களின் உருவாதல் என்தால்பியிலிருந்து வினைபடுபொருளின் உருவாதல் என்தால்பியைக் கழிக்க வேண்டும். ஒரு பொருள் உருவாகும்போது வெளியேறும் அல்லது உள்வாங்கும் வெப்பம்தான் அந்த என்தால்பி; பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்கு. பெராக்சைடுக்கு −187.8. ஆக்சிஜன் தனிமம், பூஜ்யம். தண்ணீருக்கு −241.8 என்று எழுதியிருந்தார். கழித்தால் −54. மோலுக்கு ஐம்பத்து நான்கு கிலோஜூல் சூடு.

கழித்தல் சரி. குறிகள் சரி. அட்டவணையைத் திறந்தார். அதில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருந்தது. திரவத்துக்கு −285.8. அதன் கீழே, ஆவிக்கு −241.8.

போன வாரம் முழுக்கக் கொதிகலன் கணக்கு. அங்கே தண்ணீர் புகைபோக்கி வழியாக ஆவியாகப் போகும். விரல் பழகிய வரிக்கே போயிருக்கிறது. நாற்பது டிகிரிக் கலனில் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும்; ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகாது. மறுபடி கழித்தார். −98.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

போனைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலில் கொட்டகையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. பதினோராவது முறை அடித்தபோது எடுத்தார் வால்வு.

"என்ன சார், இன்னும் அரை மணி ஆகலியே?"

"வால்வை மூடுங்கண்ணே. முழுசா. மூடிட்டு வெளிய வந்துடுங்க."

"என்ன ஆச்சு?"

"முதல்ல மூடுங்க."

ரிசீவரை மேசையில் போட்ட சத்தம். காலடிகள். இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு குளிர்நீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கெமிஸ்ட் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். "அண்ணே" என்றார். தண்ணீர் ஓடியது. "அண்ணே."

அவசரத் தொடர்புக்கான இன்னொரு போன் அடித்தது. அதை எடுத்தார்.

"வாட்ச்மேன் ரூம்லேர்ந்து பேசுறேன். மூடிட்டேன். இங்கேர்ந்து தெரியுற வெளிப்பக்க மீட்டர்ல அம்பத்தெட்டு வரைக்கும் போச்சு. இப்போ அம்பத்தாறு. இறங்குது."

கெமிஸ்ட் உட்கார்ந்தார். கையில் பழைய ரிசீவர் இன்னும் இருந்தது. அதை வைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"சட்டைதான் நனைஞ்சு போச்சு. அது வேர்வை." மூச்சு வாங்கிக்கொண்டு வால்வு சிரித்தார். "மேனேஜர் வந்தா என்ன சொல்றது சார்? பம்ப் மேல போட்டுடவா? தண்ணி சரியா வரலேன்னு எழுதிடறேன். பம்ப் கோவிச்சுக்காது."

ஒரு வார்த்தை போதும். சரி என்றால் கணக்குத் தாளை மாற்றிவிடலாம். நாளை ஒன்பது இருபதுக்குப் போன் வரும்.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்றார் கெமிஸ்ட். "தப்பு என்னுது."

"உங்களுதா?"

"தண்ணிக்கு ரெண்டு எண் இருக்குண்ணே. நான் ஆவிக்கானதை எடுத்துட்டேன். நிஜத்துல வர்ற சூடு நான் போட்ட கணக்கைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுக்குப் பக்கத்துலதான் உங்களை நிக்க வெச்சிருக்கேன். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

மறுமுனையில் வாட்ச்மேன் யாருக்கோ வாசல் கேட்டைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கெமிஸ்ட் காத்திருந்தார். வால்வின் குரல் வந்தபோது அதில் சிரிப்பு இல்லை.

"அப்போ மூணு நாளா அரை மணிக்கொரு தடவை கேட்டீங்களே சார், மொதல்லேர்ந்தே சந்தேகம் இருந்துதான் கேட்டீங்களா?"