விலாங்கு பிறந்த இடம்

எங்கள் தீவின் யீலான் கடற்கரையில் குளிர்கால மழை தொடங்கியதும் ஆற்று முகத்துவாரத்தில் விலாங்குக் குஞ்சுகள் வந்துவிடும். இடுப்பளவு அலையில் நின்று வலையால் அவற்றை அரித்தெடுப்பது அப்பாவின் தொழில். "சேத்துல குளிர்மழை விழுந்தா குஞ்சு பொறக்கும்" என்பது அவர் கட்சி. ஊரே அப்படித்தான் சொல்லும். ஆறாம் வகுப்பில் நம் ஊரைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னபோது, விலாங்கு எனக்குத்தான் என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மீன் சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நான் சொன்னதை எம்மவ எழுதி மேடையில படிக்கப் போறா, வந்துருங்க" என்று அழைப்பு வேறு.

லின் டீச்சர் என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்பா சொன்னார்னு எழுதினா ஆச்சா யாவென்? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு போடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பா கடலில் நின்ற அளவு நேரம் டீச்சர் நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். புத்தகத்திலேயே காட்டுகிறேன் பார் என்று பள்ளி நூலகத்துக்குப் போனேன்.

பெரிய கடல் புத்தகங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பள்ளியே மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கும் நேரத்தில்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாதம் நூலகப் பொறுப்பு என் வகுப்புப் பெய்ஷானுக்கு. அவளுக்கு வாய் ஜாஸ்தி.

"சத்தம் போடாம புரட்டு. உங்கப்பாவோட சேறு எந்தப் பக்கத்துல ஒட்டியிருக்குன்னு நானும் பாக்கறேன்."

"வாயை மூடிட்டுத் தேடுடி."

அவள்தான் கண்டுபிடித்தாள். ஆனால் கேலி செய்யவில்லை. புத்தகத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

பக்கம் முழுக்கக் கடல். எங்கள் தீவிலிருந்து வெகுதூரத்தில், மரியானா தீவுகளுக்கு மேற்கே, ஒரு சின்னப் புள்ளி. எங்கள் விலாங்குகள் பிறப்பது அங்கே. அமாவாசையை ஒட்டி முட்டையிடுகின்றன. பொரிந்து வருவது மீன் மாதிரியே இல்லை. இலை போலத் தட்டையாக, எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து தெரியும் அளவுக்கு நிறமில்லாமல் இருக்கிறது. அந்த இலை நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து, கரையை நெருங்கும்போது உருமாறி, ஆற்றைத் தேடி நுழைகிறது. அந்த முட்டையைக் கண்ணால் பார்க்க, ஆராய்ச்சிக் கப்பல்கள் பல வருடங்கள் கடலைச் சல்லடை போட்டுத் தேடியிருக்கின்றன.

"தாய் எங்கடி?"

பெய்ஷான் விரல் வைத்துப் படித்தாள். "ஆத்துலேர்ந்து அங்க வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாமயே போகுமாம். முட்டை போட்டதும் செத்துருமாம்."

"அப்ப குஞ்சுக்கு வழி யாரு சொன்னா?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். "அது போடல."

எனக்கு மெய்சிலிர்த்தது. பள்ளி முழுவதும் தூங்கிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா குஞ்சுகளை விட்டு வைக்கும் வீட்டு அண்டாவில் எத்தனை முறை கைவிட்டு அளைந்திருக்கிறேன்! கையில் எதை வைத்திருந்தேன் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் அப்பா நினைவுக்கு வந்தார். இதைப் படித்தால் சந்தையே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும்.

"பேசாம சேறுன்னே எழுதிடேன்," என்றாள் பெய்ஷான், அதிசயமாகப் பரிவோடு. "வேற ஏதாவது பக்க நம்பர் போட்டுக்கலாம்."

எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு தூரம் வந்த உயிரைச் சேற்றில் பிறந்தது என்று எப்படி எழுதுவது? சரியான பக்க எண்ணோடு எழுதினேன்.

மேடை ஏறினேன். அப்பா முன்வரிசையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சேற்றில் பிறக்கிறது என்று எங்கள் ஊரில் நினைக்கிறோம். அது தவறு" என்று படித்ததும் பின்னாலிருந்து ஒரு மீன்காரர், "என்னய்யா, உன் சேறு எங்க போச்சு?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் பயந்துகொண்டே கரைக்குப் போனேன். அப்பா வலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் மாதிரி ஒரே ஒரு குஞ்சு. கண்கள் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

"அம்புட்டு தூரத்துலேர்ந்தா?" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"ஆமாப்பா."

"ஆத்தா கூட இல்லாமயா?"

"ஆமா."

உள்ளங்கையில் தண்ணீரோடு அதை ஏந்தி முகத்தருகே கொண்டுபோனார். எங்கள் ஊரில் வாசலுக்கு வரும் யாரையும் முதலில் கேட்பதைத்தான் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

பிறகு, பிடித்த குஞ்சுகளைப் போடும் வாளியைத் தாண்டி ஆற்றுப் பக்கம் நடந்துபோய், கையைத் தண்ணீருக்குள் இறக்கினார்.