உடைப்பு வரை போகும் பஸ்

லா கும்ப்ரெரா கிராமம் மண்சரிவில் புதைந்த மூன்றாம் வருடம், அந்த ஊர்க்காரர்கள் ஒடிலியா கர்தோனாவின் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துச் சந்தைக்கு வரத் தொடங்கினார்கள். கட்டணம் மற்றவர்களுக்கு உள்ளதுதான். குழந்தைகளுக்கு அரை டிக்கெட்.

அதுவரை அந்த பஸ் காலியாகத்தான் ஓடியது. ஒடிலியாவின் கணவன் எவேலியோதான் சான் அன்செல்மோவிலிருந்து லா கும்ப்ரெராவுக்கு முதலில் பஸ் விட்டவன். அந்த அக்டோபரில் மலை சரிந்தபோது அவன் மேலே மாதா கோயில் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் பஸ்ஸையும் மண் ஒரே வாயில் விழுங்கிவிட்டது. யாரையும் தோண்டி எடுக்க முடியவில்லை. பாதி வழியில் ரோடு கத்தரித்தாற்போல நின்றது. அந்த இடத்துக்கு உடைப்பு என்று பெயராயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு ஒடிலியா காப்பித் தோட்டத்தை விற்று, மரப் பெஞ்சு போட்ட பழைய பஸ் ஒன்றை வாங்கினாள். ஓட்டவும் கற்றுக்கொண்டாள். எவேலியோவின் தம்பி நிக்கனோர் கண்டக்டரானான். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, உடைப்பு வரை போவாள், கொஞ்ச நேரம் நிற்பாள், வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவாள். வழியில் இருந்த தோட்டக்காரர்களெல்லாம் தோன் ருபெர்தோ உசுகாவின் பஸ்களில் போய்ப் பழகிவிட்டவர்கள். அவருக்கு வண்டிகளும் இருந்தன, நகரசபையில் மருமகனும் இருந்தான்.

"யாரை ஏத்தப் போறம்மா, மூடுபனியையா?" என்று தோன் ருபெர்தோ பஸ் நிலையத்தில் நாலு பேர் கேட்கக் கேட்டார்.

"பனி டிக்கெட் எடுத்தா ஏத்திக்கிறேன் தோன் ருபெர்தோ. உங்களை மாதிரி கடன் சொல்லாது இல்ல?" என்றாள்.

ஓட்டாவிட்டால் எவேலியோ பெயரிலிருந்த பெர்மிட் காலாவதியாகிவிடும், அதற்காகத்தான் ஓட்டுகிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஊர் அதை நம்பியது. நிக்கனோர் மட்டும் நம்பவில்லை. உடைப்பில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் அவள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். டயர்கள் தேய்ந்தன. அவள் கல்யாண வளையல்கள் போயின. மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. ஒரு நாளும் நடை தவறவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை உடைப்பில் ஃபிலோமேனா டீச்சர் குடையோடு நின்றிருந்தார். முழங்கால் வரை சிவப்பு மண். டீச்சரின் நினைவுத் திருப்பலிக்குப் போய்வந்தவன் நிக்கனோர். ஆனாலும் சில்லறையைச் சரியாக நீட்டினவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் கறிக்கடை லிபார்தோ வந்தான், அதற்கடுத்து பாடகர் குழுப் பெண்கள், கோழிக்கூடையோடு ஒரு குடும்பம். கோழிகளும் இறந்தவைதான், ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. அவர்கள் பின் பெஞ்சுகளில் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் பனி படிந்தது. சந்தையில் உப்பும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு மத்தியான நடையில் திரும்பினார்கள். பெஞ்சில் அவர்கள் விட்டுப்போன மண்ணை நிக்கனோர் தினமும் கழுவினான்.

நிறைந்து வரும் பஸ்ஸைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஏறத் தோன்றும். தோட்டக்காரர்கள் முதலில் முன் பெஞ்சுகளில் ஏறினார்கள். இடம் போதாமல் பின்னாலும் உட்கார்ந்தார்கள். குளிரடிக்கிறது என்று போர்வை கொண்டுவந்தார்கள். வருடங்கள் போயின, கூட்டம் கூடியது, தோன் ருபெர்தோவின் பஸ்கள் காற்றாடின. அவரே ஒரு நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒடிலியாவின் வீட்டுக்கு வந்தார். கூட்டாகச் சேர்ந்து நடத்தலாம், என் வண்டிகள் எல்லாம் உன் கையில், ஆனால் மண் பிடித்த அந்த ஆட்களை மட்டும் இனி ஏற்றக் கூடாது, சட்டை அழுக்காகிறதென்று உயிரோடு இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றார்.

ஒடிலியா அவருக்கு வெல்லத்தண்ணீர் கொடுத்தாள். "என் வண்டியில ஒரு ஈ காக்கா ஏறாத காலத்துல ஏறினவங்க அவங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அவருடைய வண்டிகளில் ஒன்றை மட்டும் பிறகு விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

இத்தனை வருடமும் ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவேலியோ வரவில்லை. கேட்கப் பயந்தாள். அங்கேயும் அவன் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் மறுநாள் சாவியைத் திருப்பக் கை எழாது என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு முற்பகல், உடைப்பில் டீச்சர் ஏறும்போது, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் அங்க இருக்காரா?"

"இல்லாம என்ன? ஊருக்குள்ளேருந்து இவ்வளவு தூரம் நாங்க நடந்தா வர்றோம்? அவர் பஸ்ஸுலதானே வர்றோம்."

"அப்புறம் ஏன் கீழ வரலை?"

"ரோடு இல்லையேம்மா. ரோடு இல்லாத இடத்துல வண்டி ஓட்ட மாட்டாராம், பெர்மிட் போயிடுமாம். வண்டியை விட்டுட்டு நடந்தும் வர மாட்டாராம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாச்சு, பிடிவாதம்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

டீச்சர் குடையை மடக்கினார். "கீழ் பஸ் நேரத்துக்கு வருதான்னு தினம் கேட்பார். வருதுன்னு சொல்லுவோம். அதுக்கு மேல பேச மாட்டார்."

ஒடிலியா இறங்கி ரோட்டின் விளிம்புக்குப் போனாள். அந்தப் பக்கம் வெள்ளையாகப் பனி. அதற்குள்ளிருந்து ஹாரன் கேட்டது, எவேலியோவின் ஹாரன், இரண்டாவது சுரம் கரகரப்பாக உடையும். அவள் சரிந்த மண்ணில் கால் வைத்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. கணுக்கால் வரை பிடித்துக்கொண்டது, விடவில்லை. அவளுக்கும் இழுத்துக்கொள்ள மனமில்லை. அடுத்த காலையும் தூக்கினாள். நிக்கனோர் படியில் இறங்கி, "அண்ணி" என்றான்.

"ஒடிலியா, ஆளெல்லாம் ஏறிட்டாங்களா?" பனிக்குள்ளிருந்து வந்தது குரல்.

"ஏறிட்டாங்க."

"அப்ப எடு. சந்தை நேரம் போகுது பாரு."

"நான் வரட்டுமா?"

பனிக்குள் இன்ஜின் ஒரு முறை உறுமியது. பிறகு, "நீ வந்துட்டா இவங்களை யாரு கீழ கூட்டிட்டுப் போறது?" என்றான். கியர் விழும் சத்தம் கேட்டது. மேட்டில் ஏறித் தேய்ந்தது.

அவள் காலை உருவிக்கொண்டபோது செருப்பு மண்ணோடு போய்விட்டது. வெறுங்காலோடு வந்து ஏறினாள். அன்றைக்கு உடைப்பிலிருந்து பஸ் தாமதமாகக் கிளம்பியது; இறந்தவர்களும் சரி, இருந்தவர்களும் சரி, ஒருவரும் குறை சொல்லவில்லை. வழியெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள், வளைவுகளில் மட்டும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது.

அதன் பிறகு கம்பெனி வளர்ந்தது. வணிகர் சங்கம் விருது கொடுத்தது; விடாமுயற்சியைப் பற்றி இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவள் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "ஆள் வருதோ வரலையோ, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்க. யார் வருவாங்கங்கிறது மட்டும் நம்ம கையில இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் மத்தியான நடையை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நிக்கனோர் பிற்பாடு சொன்னான். பஸ் நிலையத்துப் பலகையில் "உடைப்பில் மேல் பஸ்ஸுக்கு இணைப்பு உண்டு" என்று எழுதினார்கள். இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் சோள ரொட்டியும் கம்பளிச் சட்டையும் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு மழைக்காலத்தில், மேலே பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று லிபார்தோ சொன்னான். ஒடிலியா மறுநாளே நகரத்து உதிரிபாகக் கடைக்குப் போய் பிரேக் கட்டை கேட்டாள்.

"எத்தனை வண்டிக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"ஓடுறது எல்லாத்துக்கும். மேல ஓடுறதுக்கும் சேர்த்து."

கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கம் எப்பவும் ஈரம், சீக்கிரம் தேயும். அதுக்கு மட்டும் ரெண்டு செட்டா எடுத்துக்குங்க" என்றார்.