மருந்தேறிய பிள்ளை

மாடத்தி பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். அந்தப் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போவதுதான். ஆஸ்பத்திரியில் கொடுப்பதற்கு மாத்திரை, டானிக் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன.

அவளுடைய மூத்த மகள் பாண்டிச்செல்வி நாலாம் வகுப்பு. வாய்ப்பாடு கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறுவாள். ‘பட்டம்’ என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்து போயிருக்கும். வகுப்பில் அவளுக்கு மக்கு என்று பெயர்.

ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருந்தது. மாடத்தி வயிற்றில் பிள்ளையோடு மருந்து அடைத்தாளாம், அது பிள்ளையின் மூளையில் ஏறிவிட்டதாம். எந்தச் சண்டையிலும் புருஷன் ஊர்க்காவலன் முதலில் எடுப்பது இதைத்தான். தலைமையாசிரியர் பாலகுரு படித்தவர், ஆகவே அதையே கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு நடக்கும் பரிசோதனை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லி மாடத்தி கேட்கும்போதெல்லாம், மருந்தால் வந்த மந்தத்துக்கு முகாம் என்ன செய்யும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றுவிடுவார். மாடத்தியும் திரும்பி வந்துவிடுவாள். குற்றம் தன்னுடையதுதானோ என்று அவள் மனதிலும் ஒரு முள் இருந்தது.

இந்த வருஷம் தீபாவளி சீசனில் ஒரு நாள், பாண்டிச்செல்வி பள்ளிக்கூடப் பையைத் திறக்காமலே மாடத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, நானும் ஒன் கூட மருந்து அடைக்க வாரேன். அங்கன வாசிக்க வேண்டாம்ல?”

 மறுநாள் காலையில் மாடத்தி தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

“குத்தம் என்னுதாவே இருக்கட்டும் சார். அதுக்காகப் பிள்ளையப் பாக்காமலே விட்ருவீகளா?”

அவர் அதற்கும் அடுத்த வருஷம் என்றார். கலெக்டர் மனு வாங்கும் திங்கட்கிழமை மாடத்தி சீசன் வேலையைப் போட்டுவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சூலக்கரைக்கு பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில், தீக்குளிக்க யாரும் மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று மனுக்காரர்களைச் சோதித்துக்கொண்டிருந்த பெண் போலீஸ், அவள் கையை முகர்ந்து பார்த்துத் தனியாக நிறுத்திவிட்டாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அலுமினியத் தூள் நகக்கண்ணில் மின்னிக்கொண்டிருந்தது. இது கம்பெனி மருந்து, இதைக் கழுவிக் கழுவியே கை தேய்ந்துவிட்டது, கொளுத்திக்கொள்ள வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன் என்றாள் மாடத்தி. போலீஸ்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அதிகாரி, அடுத்த முகாமுக்கு எழுதிக்கொள்ளலாம் என்றார். இந்த முகாமுக்குச் சொல்லாமல் இங்கிருந்து நகர மாட்டேன் என்று அவள் அங்கேயே நின்றாள். கடைசியில் அவர் போனை எடுத்தார்.

முகாமுக்கு ஊர்க்காவலன் முணுமுணுத்துக்கொண்டேதான் இரண்டு பேரையும் பைக்கில் கூட்டிவந்தான். சிறப்பாசிரியர் வள்ளித்தாய் மத்தியானம் வரை பாண்டிச்செல்வியைப் பேசவிட்டும், வாசிக்கவிட்டும், எழுதவிட்டும் பார்த்தார். பிறகு தாயையும் தகப்பனையும் உள்ளே கூப்பிட்டார். பிள்ளை நல்ல புத்திசாலி, எழுத்தும் ஓசையும்தான் அவளுக்குச் சட்டென்று சேர மாட்டேன் என்கிறது, இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் வாசித்துவிடுவாள் என்றார். இரண்டாம் வகுப்பிலேயே வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

மாடத்தி முள்ளை வெளியே எடுத்தாள். “டீச்சர், இது மருந்துதானா?”

“இதுக்கு மருந்தே கிடையாதும்மா.”

மாடத்திக்குப் புரியவில்லை. தன் விரல்களை விரித்துக் காட்டினாள். “இந்த மருந்து டீச்சர். வயித்துல இவ இருக்கையில அடைச்சேன்.”

வள்ளித்தாய் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். “இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீக. இது பெரும்பாலும் குடும்பத்துல வாரது. ஒங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் வாசிக்கச் சிரமம் உண்டா?”

மாடத்தி எட்டாவது வரை தடங்கல் இல்லாமல் படித்தவள். அவள் இல்லை என்றாள். ஊர்க்காவலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்குத்தான் டீச்சர்,” என்றான். “பஸ்ஸுல ஆளக் கேட்டுத்தான் ஏறுவேன். லோடு ஏத்தும்போதும் பெட்டியில உள்ள படத்தப் பாத்துத்தான் எடுப்பேன். எழுத்து அம்புட்டும் கண்ணுக்குள்ள ஓடும். அடி தாங்காமத்தான் பள்ளிக்கூடத்த விட்டேன்.”

இத்தனை வருஷம் விழுங்கிய சொல் எல்லாம் மாடத்தியின் நாக்கு நுனிக்கு வந்தது. அவன் தோற்று நிற்பதைப் பார்க்க அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. பாண்டிச்செல்வியோ அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப்போல இன்னொரு ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

மாடத்தி வந்த சொல்லை விழுங்கிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“சின்னவ ஒண்ணாப்பு படிக்கா. அவளையும் இன்னைக்கே பாத்துருங்க.”

முகாம் முடியப் போகிறது, அடுத்த... என்று வள்ளித்தாய் ஆரம்பிக்கும்போதே ஊர்க்காவலன் சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்துவிட்டான்.

“இருங்க டீச்சர். இந்தா கூட்டியாரேன்.”