துளசிங்கத்தின் பெயர் காணாமற்போன ஐந்து மாதம்

1974 ஆடிக் கிருத்திகையன்று காலை ஏழேகாலுக்கு, திருத்தணி மலைமேல், நெசவாளி துளசிங்கத்தின் பெயர் திருடு போனது. மொட்டை போட உட்கார்ந்தவர், இறங்கும்போது சர்க்கரை வாங்கலாமென்று மடியில் வைத்திருந்த ரேஷன் கார்டை, நனையாமலிருக்க, அப்போதுதான் மொட்டை போட்டு எழுந்த ஒருவனிடம் பிடிக்கக் கொடுத்தார். சாமி மலையில் எவன் திருடுவான் என்ற நினைப்பு. தலை நிமிர்ந்தால் ஆளைக் காணோம். போலீஸ்காரர் அடையாளம் கேட்டார். "மொட்டைத் தலைங்க. சந்தனம் பூசிக்கினு இருந்தான்" என்றார் இவர். அன்று மலையில் அப்படி நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

கார்டோடு பெயரும் போய்விட்டது. பங்காளிகளுக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். அவருக்கே நினைவில்லை. அரக்கோணத்திலோ எவனோ ஒருவன் துளசிங்கமாகச் சர்க்கரை வாங்கினான், இரண்டு பேருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டான். பெயரில்லாமலும் தறி ஓடியது, சோறு இறங்கியது. தை மாதம் மகள் அம்முவின் கல்யாணப் பத்திரிகையில்தான் வந்தது வினை. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் மை ஒட்டவில்லை. "பேரில்லாத சம்பந்தின்னு நாலு பேர்கிட்ட எப்படிங்க சொல்றது?" என்ற மாப்பிள்ளையின் அப்பா பக்தவச்சலம், வெள்ளிக்கிழமைவரை கெடு வைத்தார்.

துளசிங்கத்தின் மனைவி பாஞ்சாலிக்குப் பெயர் தெரியும். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்னதில்லை. ஊர் வாயில் புழங்கியதைத்தான் திருடன் கொண்டுபோயிருந்தான். அவள் வாய் திறக்காமல் வைத்திருந்தது அப்படியே இருந்தது. ஆயுசுக்குப் பயந்து ஐந்து மாதம் பொறுத்தவள், மகள் அழுகையைப் பொறுக்கமாட்டாமல், வியாழக்கிழமை புருஷனோடு அச்சகத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு "துளசிங்கம்" என்றாள்.

முந்நூறு பத்திரிகையிலும் மை ஏறியது. அரக்கோணத்தான் பாதிக் கையெழுத்தில் தான் யாரென்று தெரியாமல் விழித்தான். ரேஷன் கார்டு நாலு மணி ரயிலில், ஜன்னலோர இருக்கையில், தனியாக வந்து சேர்ந்தது. துளசிங்கத்துக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை.

"இன்னொரு தபா சொல்லேன்" என்றார்.

"பத்திரிகையில கீது, படிச்சிக்கோங்க" என்றாள் பாஞ்சாலி.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அவர் ஆயுசும் குறையவில்லை. வருமுன் காப்பதே மேல் என்று அவர்கள் நெசவாளர் தெருப் பெண்கள் செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் பெயரை ஒரு முறை மெல்லச் சொல்லி வைக்கிறார்கள். அதன்பிறகு அங்கே யார் பெயரும் திருடு போகவில்லை. அந்நேரம் தெருவில் ஒரு தறியும் ஓடாது. ஆண்கள் அத்தனை பேரும் அடுப்படிக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள். புடவை வாங்க வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு மேல் வருவது நல்லது.